ஷட்டர் வேகம் 1/4000 இருந்தும் நீர்த்துளி மங்கலாகப் பதிவது ஏன்?

கேள்வி

வணக்கம். ஏறத்தாழ 40 செ.மீ. உயரத்திலிருந்து தட்டிலுள்ள நீரில் சொட்டும் துளிகளை மிக அருகிலிருந்து படமெடுக்க உதவும் 100 மி.மீ. மேக்ரோ லென்ஸைக் கொண்டு ஒரு வாரமாகப் படமெடுத்து வருகிறேன். உருப்பெருக்கம் 1:2, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப்/11, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 1600, ஷட்டர் 1/4000 நொடி. ஃபிளாஷைத் தனித் தாங்கியில் பொருத்தி, துளியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்து, ரேடியோ ட்ரிக்கரால் இயக்குகிறேன். இருந்தும், நீரைத் தொடுமுன் பதிவாகும் துளியின் மேல்முனையும் கீழ்முனையும் கரைந்துபோய், கண்ணாடி மணி இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சு உருண்டை ஒன்று தெரிகிறது. எங்கே தவறுகிறேன்?

மறுமொழி 1

இது ஃபோகஸ் பிழையாக இருக்கலாம். நீங்கள் சொல்லும் அமைப்பில் கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 4 மி.மீ. மட்டுமே. துளி விழும் இடத்துக்கு நேராகத் தட்டின் குறுக்கே ஒரு பென்சிலை வைத்து, அதில் கைமுறையாக ஃபோகஸ் செய்த பின் பென்சிலை எடுத்துவிடுங்கள். ஷட்டரை 1/8000 வரை உயர்த்தியும் பாருங்கள்.

கேட்டவர்

பென்சில் முறையைத்தான் முதல் நாளிலிருந்து கையாளுகிறேன். அதே படத்தில், துளிக்கு நேர் கீழே முந்தைய துளி எழுப்பிய சிற்றலையின் விளிம்பு கூர்மையாகவே இருக்கிறது; ஆகவே ஃபோகஸ் தளம் சரியான இடத்தில்தான் உள்ளது என்று கருதுகிறேன். 1/8000 நொடியில் படம் இருண்டுவிடுகிறது.

மறுமொழி 2

சிற்றலையைக் கவனித்தது நல்லதாயிற்று. மெதுவாக நகர்வது கூர்மையாகவும் விரைவாக நகர்வது மங்கலாகவும் இருந்தால், அது அசைவினால் வந்த மங்கல்தான். 40 செ.மீ. விழுந்த துளி நீரைத் தொடும்போது நொடிக்கு ஏறத்தாழ 2.8 மீட்டர் வேகத்தில் இருக்கும். 1/4000 நொடிக்குள் அது 0.7 மி.மீ. நகர்ந்துவிடும். சில மில்லிமீட்டரே உள்ள துளிக்கு அது பெரிய தொலைவு.

ஆனால் ஷட்டரை மேலும் உயர்த்துவது இதற்குத் தீர்வாகாது. முந்தைய மறுமொழியின் அந்தப் பகுதியோடு நான் உடன்படவில்லை. 1/4000இல் உங்கள் ஃபிளாஷ் ஒளிர்கிறது என்றால் அது ஹை ஸ்பீட் சிங்க் முறையில், அதாவது வழக்கமான ஃபிளாஷ் ஈடுகொடுக்க முடியாத ஷட்டர் வேகங்களுக்கான முறையில், இயங்குகிறது என்று பொருள். அம்முறையில் ஃபிளாஷ் ஒரே வெட்டாக வெட்டாமல், ஷட்டரின் இரு திரைகளுக்கு இடையிலான இடுக்கு, படத்தைப் பதிவு செய்யும் சென்சாரைக் கடந்து முடிக்கும் வரை தொடர் துடிப்புகளாக ஒளியைச் சிந்துகிறது. அதனால் அது எரியும் விளக்குக்குச் சமமாகிவிடுகிறது, ஒளியின் அளவும் வெகுவாகக் குறைகிறது. ஐ.எஸ்.ஓ.வை 1600க்கு ஏற்ற வேண்டி வந்ததும் அதனால்தான்.

இந்த வேலையில் துளியை உறைய வைப்பது ஷட்டர் அன்று, ஃபிளாஷ் ஒளிர்ந்திருக்கும் கால அளவு. ஆற்றலைக் குறைக்கக் குறைக்க அந்தக் கால அளவு சுருங்கும். முழு ஆற்றலில் 1/1000 நொடியோ அதற்கு மேலோ நீடிக்கும் ஒளிர்வு, 1/64 ஆற்றலில் பல ஃபிளாஷ்களில் 1/20000 நொடி அளவுக்கு வந்துவிடும். அப்போது துளி நகர்வது 0.14 மி.மீ. மட்டுமே. ஆகவே ஹை ஸ்பீட் சிங்கை அணைத்து, ஷட்டரை 1/200க்கு இறக்கி, ஃபிளாஷை 1/64இல் வையுங்கள். ஒளி போதாதே என்று தயங்க வேண்டாம்: ஒரு மீட்டரிலிருந்து 25 செ.மீ.க்கு நெருக்கினால் ஒளி 16 மடங்காகும்.

அறையை இருட்டாக்குவது கட்டாயம். ஃபிளாஷ் இல்லாமல் அதே அமைப்பில் ஒரு படம் எடுங்கள்; அது முழுக் கறுப்பாக வர வேண்டும்.

கேட்டவர்

மிக்க நன்றி. சோதனைப் படம் முழுக் கறுப்பாக வரவில்லை. கதவிடுக்கின் வழியே வந்த வெளிச்சம் நீர்ப்பரப்பில் ஒரு மெல்லிய கோடாக விழுந்திருந்தது. அதை அடைத்து, ஐ.எஸ்.ஓ. 400இல் எடுத்தேன். துளி கண்ணாடி மணியாகவே நிற்கிறது. அதற்குள் தலைகீழாகத் தெரியும் பின்புல அட்டையின் ஓரம்கூடப் பிசிறில்லாமல் இருக்கிறது. இப்போது வேறொரு சிக்கல்: மகுடம் போன்ற தெறிப்பு கிடைக்கிறது, ஆனால் நடுவில் எழும் நீர்த்தூண் ஒருமுறைகூட உயரமாக வரவில்லை. தட்டில் நீர் அரை செ.மீ. ஆழம் இருக்கும்.

மறுமொழி 2

காரணத்தை நீங்களே கடைசி வரியில் எழுதிவிட்டீர்கள். மகுடத்துக்கு மெல்லிய நீர்ப்படலமே ஏற்றது. அதிவேகப் படப்பிடிப்பின் முன்னோடியான அமெரிக்கப் பொறியாளர் ஹெரால்ட் எட்ஜர்ட்டன் 1957இல் பதிவு செய்த புகழ்பெற்ற பால்துளி மகுடமும் மெல்லிய பால் படலத்தின் மீது எழுந்ததே. தூண் எழுவதற்கோ, துளி நீருக்குள் ஒரு குழியைத் தோண்ட வேண்டும். அக்குழி எல்லாப் பக்கமிருந்தும் சரிந்து மூடும்போதுதான் நடுவில் நீர் மேலே பீறிடும். ஆழமில்லாத நீரில் குழி தட்டின் அடியில் முட்டி நின்றுவிடுகிறது. 2 முதல் 3 செ.மீ. ஆழமுள்ள கிண்ணத்துக்கு மாறுங்கள். தூண் மகுடத்துக்குப் பிறகே எழும் என்பதால், ஃபிளாஷைச் சற்றுத் தாமதமாக இயக்கவும் வேண்டும்.

கேட்டவர்

கிண்ணத்தை மாற்றிய பின் எடுத்த பன்னிரண்டாவது படத்தில் தூண் கிடைத்தது. அதன் உச்சியில் ஒரு சிறு துளி பிரியும் தறுவாயில், நூலிழை போன்ற கழுத்தோடு நிற்கிறது.