மார்க் இதழும் மலைச்சரிவு வீடுகளும்

கேள்வி: குன்னூர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் பெரியப்பா சேர்த்து வைத்திருந்த மார்க் காலாண்டிதழ்களைப் பரணிலிருந்து இறக்கி, ஆண்டுவாரியாக அடுக்கிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலானவை 1970களுக்குப் பிந்தையவை. சிற்பம், ஓவியம், நெசவு என்று ஒவ்வோர் இதழும் ஒரு கலையை எடுத்துக்கொண்டு விரிவாகப் பேசுகிறது. ஆனால் கட்டடக்கலை பயிலும் என் மகளோ, இது கட்டடக்கலைக்காகத் தொடங்கப்பட்ட இதழ் என்கிறாள். அப்படியானால் இது கலை இதழாக மாறியது ஏன்? நம் நாட்டில் எழுந்த கட்டடங்களின் மீது இதற்கு மெய்யாகவே செல்வாக்கு இருந்ததா? சரிவில் வீடு கட்டி வாழும் நமக்கு இதில் ஏதேனும் உண்டா என்பதையும் விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: உதகை, ஓய்வுபெற்ற பேராசிரியர்

உங்கள் மகள் சொல்வது சரிதான், அம்மா. நாடு விடுதலை பெறுவதற்கு ஏறத்தாழப் பத்து மாதங்களுக்கு முன், 1946 அக்டோபரில், எழுத்தாளர் முல்க் ராஜ் ஆனந்தை ஆசிரியராகக் கொண்டு பம்பாயிலிருந்து முதல் இதழ் வெளிவந்தது. நவீன கட்டடக்கலை ஆய்வுக் குழு (அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளே மார்க்) என்ற அமைப்பே அதன் பின்னணியில் இருந்தது; டாடா குழுமத்தின் ஆதரவும் அதற்குக் கிடைத்தது. இலங்கையைச் சேர்ந்த சகோதரிகளான அனில் டி சில்வாவும் மினெட் டி சில்வாவும், நாஜி ஆட்சியினால் ஜெர்மனியை விட்டு வெளியேறி 1939 முதல் மைசூர் சமஸ்தானத்தில் பணியாற்றிய கட்டடக்கலைஞர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கரும் தொடக்க காலத்திலேயே அதில் பங்கு கொண்டவர்கள். பிறக்கவிருக்கும் நாட்டுக்குத் திட்டமிடலும் வேண்டும், கனவும் வேண்டும் என்பதே முதல் தலையங்கத்தின் சாரம்.

ஆயினும் அது கலை இதழாக மாறியது என்று சொல்வதை நான் முழுமையாக ஏற்க மாட்டேன். பழங்கலையும் புதிய கட்டடமும் முதலிலிருந்தே அதன் பக்கங்களில் அருகருகே இருந்தன. தன் மரபை அறியாதவன் புதிதாக எதைக் கட்டினாலும் அது இந்த மண்ணில் ஒட்டாது என்பது அந்த ஆசிரியர் குழுவின் உறுதியான நம்பிக்கை. காலப்போக்கில் புதிய கட்டடங்களுக்கான இடம் சுருங்கிற்று, அவ்வளவே.

செல்வாக்கைப் பற்றிக் கேட்டீர்கள். 1961 டிசம்பர் இதழ் புதிதாகத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட சண்டிகர் நகருக்கென்றே ஒதுக்கப்பட்டது. அதைவிடப் பெரிதாக நான் மதிப்பது 1965இல் நிகழ்ந்ததை. பம்பாயின் நெரிசலுக்குத் தீர்வாகத் துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் புதிய நகரம் அமைக்கலாம் என்று கட்டடக்கலைஞர்கள் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, பொறியாளர் சிரீஷ் படேல் ஆகிய மூவர் முன்வைத்த திட்டத்தை மார்க் அந்த ஆண்டில் வெளியிட்டது. பின்னர் மாநில அரசு அக்கருத்தை ஏற்று, 1970இல் அதற்கென ஒரு நிறுவனத்தையே அமைத்தது. இன்றைய நவி மும்பையின் தொடக்கம் அதுதான். ஓர் இதழின் பக்கங்களில் விவாதிக்கப்பட்ட திட்டம் இலட்சக்கணக்கானோர் குடியிருக்கும் நகராக எழுந்ததற்கு நம் நாட்டில் இதற்கு இணையான சான்று வேறொன்றை நான் அறியேன்.

பதில்: கோத்தகிரி, கட்டடப் பொறியாளர்

பேராசிரியர் ஐயா பெயரளவில் குறிப்பிட்டுச் சென்ற மினெட் டி சில்வாவைப் பற்றித்தான் நான் எழுத விரும்புகிறேன். எங்கள் குடும்பம் 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் கண்டிச்சீமையிலிருந்து தாயகம் திரும்பி இங்கே தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தது. ஆகவே கண்டியில் கட்டப்பட்ட வீடு என்றாலே எனக்குத் தனி ஈடுபாடு உண்டு.

மினெட் கண்டியில் பிறந்து, பம்பாயிலும் பின்னர் இலண்டனிலும் பயின்றவர். 1947இல் இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டரில் கூடிய பன்னாட்டு நவீன கட்டடக்கலை மாநாட்டில் மார்க் குழுவின் சார்பில் கலந்துகொண்டார். ஊர் திரும்பி அவர் எழுப்பிய முதல் கட்டடமான கருணாரத்ன இல்லம் 1951இல் முடிந்தது. 1953 ஜூன் மார்க் இதழில் அவரே அதைப் பற்றி எழுதினார். மலைச்சரிவை வெட்டிச் சமனாக்காமல், சரிவு போகும் போக்கிலேயே வீட்டைத் தளம் தளமாக இறக்கியிருப்பார். கதவுகளில் கண்டிப் பகுதியின் தும்பறைப் பாய் நெசவு, படிக்கட்டுக் கைப்பிடியில் அரக்கு வேலைப்பாடு, நடன உருவங்கள் பதித்த சுட்ட மண் ஓடுகள், கூடத்துச் சுவரில் ஜார்ஜ் கீட்டின் ஓவியம் என்று கான்கிரீட் வீட்டுக்குள் உள்ளூர்க் கைவினைஞர்களுக்கு இடம் கொடுத்தார்.

நம் ஊரில் என்ன செய்கிறோம்? ஜேசிபியைக் கொண்டுவந்து மேட்டைச் செங்குத்தாக வெட்டி, வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் தள்ளி, கிடைத்த சமதளத்தில் சமவெளி வீட்டின் வரைபடத்தை அப்படியே நட்டுவைக்கிறோம். மழைநீர் ஊறினால் நம் செம்மண் கனத்து நெகிழும். நீர் வெளியேற வழியில்லாத தடுப்புச் சுவர் அந்த அழுத்தத்தைத் தாங்காது. 2009 நவம்பர் மண்சரிவுகளில் நம் நீலகிரி மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டோர் இறந்ததை நாம் மறக்கலாகாது. சரிவை அறுக்காமலும் நல்ல வீடு கட்ட முடியும் என்று 70 ஆண்டுகளுக்கு முன்பே காட்டிய பக்கங்கள் அவை.

பதில்: கூடலூர் வாசகர்

இருவருக்கும் நன்றி. ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மார்க் ஆங்கில இதழ். அதைப் படித்தவர்கள் பெருநகரக் கட்டடக்கலைஞர்களும் கல்லூரிகளும் அதிகாரிகளும். நீலகிரியில் வீடுகளைக் கட்டுபவர்கள் மேஸ்திரிகளும் கொத்தனார்களும். பெரும்பாலான வீடுகளின் வரைபடத்தை ஒரு கட்டடக்கலைஞர் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. எனவே செல்வாக்கு என்று பேசும்போது, அது மேலிருந்து எவ்வளவு தூரம் இறங்கியது என்றும் பார்க்க வேண்டும். நவி மும்பை வரை சென்றது. எங்கள் தெருவரை வரவில்லை. 1993ஆம் ஆண்டின் மலைவாழிடக் கட்டட விதிகள் உயரத்துக்கு வரம்பு கட்டினாலும், சரிவில் வீட்டை எப்படி உட்கார வைப்பது என்பதை ஒரு மேஸ்திரிக்குத் தமிழில் படம் போட்டுச் சொல்லித் தர விதிப்புத்தகத்தால் ஆகாது.

பதில்: கோத்தகிரி, கட்டடப் பொறியாளர்

கூடலூர் அன்பர் சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். குன்னூர் அம்மையாருக்கு ஒரு வேண்டுகோள்: உங்களிடம் 1953 ஜூன் இதழ் இருந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள், இல்லையென்றால் உங்கள் மகளின் கல்லூரி நூலகத்தில் தேடச் சொல்லுங்கள். அந்த வீட்டின் குறுக்குவெட்டுத் தோற்றம் கிடைத்தால், அதைப் பார்த்து நானே புதிதாக வரைந்து, அளவுகளையும் வடிகால் அமைப்பையும் தமிழில் குறித்து, என்னுடன் பணிபுரியும் மேஸ்திரிகளோடு உட்கார்ந்து பேச அணியமாக இருக்கிறேன்.