எகிப்து–முசிறி: கடலில் 40 நாள்தான், பிறகு ஏன் ஏறக்குறைய ஒரு வருடம்?

நெய்தல்:
ரோமானியர் காலத்தில் எகிப்திலிருந்து மிளகு வாங்க மலபார்க் கரையின் முசிறித் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வந்தன; போய்வர ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது. ஆனால் செங்கடல் வாயிலில் உள்ள ஓகெலிஸ் துறைமுகத்திலிருந்து முசிறிக்கு 40 நாள் என்கிறார் முதல் நூற்றாண்டு ரோம எழுத்தாளர் பிளினி. தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. அப்போதே கடலைக் கடந்து, மிளகை ஏற்றிக்கொண்டு அந்த வருடமே திரும்பியிருக்கலாமே? எகிப்தில் ஜூலை வரை எதற்குக் காத்திருந்தார்கள்?

பாய்மரம்:
கடந்துவிடலாம், கரைசேர முடியாது. ஜூன், ஜூலையில் மலபார்க் கரையில் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கும். ஆற்று முகத்துவாரத்து மணல்திட்டுகள் மேல் அலை உடையும். அங்கே நங்கூரம் பிடிக்காமல் போனால் கப்பல் கரையில்தான் ஏறும். எதிர்க்காற்றில் விலகி ஓடவும் வழியில்லை.

அதனால் காற்றின் வேகம் தணிகிற செப்டம்பர் கடைசியில் வந்து சேர வேண்டும். அங்கிருந்து பின்னால் எண்ணுங்கள்: கடலில் 40 நாள், எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரெனிக்கேயிலிருந்து ஓகெலிஸ் வரை 30 நாள். ஜூலை நடுவில் வந்து நிற்கிறது கணக்கு. அந்தக் காலத்துக் கிரேக்கக் கடல்வழிக் கையேடான பெரிப்ளூஸும் ஜூலை என்றுதான் சொல்கிறது. ரொம்பத் தாமதித்தாலும் வம்பு, நடுக்கடலில் காற்று விழுந்துவிடும்.

திரும்ப வடகிழக்குக் காற்று வேண்டும். டிசம்பரில், தவறினால் ஜனவரி 13க்குள் கிளம்ப வேண்டும் என்பது பிளினி தரும் கெடு. செங்கடலின் தென்பாதியில் தெற்குக் காற்று கிடைப்பது குளிர்காலத்தில்தான். வடபாதியில் வருடம் முழுக்க வடக்குக் காற்று முகத்தில் அடிக்கும். பெரெனிக்கேயை அவ்வளவு தெற்கே அமைத்ததற்கு அது முக்கியமான காரணம்.

சுள்ளி:
நடுவில் உள்ள மூன்று மாதமும் சும்மா போவதில்லை. முசிறி கடலிலிருந்து 20 ஸ்தாதியம், சுமார் 3.7 கி.மீ. ஆற்றுக்குள் இருந்தது. கப்பல் எட்டத்தில் நிற்கும், சரக்கெல்லாம் படகில்தான் போய்வரும். ‘கலந்தந்த பொற்பரிசம் கழித்தோணியால் கரைசேர்க்குந்து’ (கப்பல் தந்த பொன்னைக் கழியில் ஓடும் தோணியால் கரைசேர்ப்பது) என்று புறநானூறு 343 சொல்வதும் இந்த வேலையைத்தான். தெற்கே இன்னொரு மிளகுத் துறையான நெல்கிந்தாவில் இன்னும் சிக்கல். ஆறு மணல் தட்டிக் கிடக்கும் என்பதால் கப்பல் கீழே ஆற்று முகத்துவாரத்துப் பகரேக்கு இறங்கி, வெளியே நங்கூரமிட்டுத்தான் சரக்கு ஏற்றும். மிளகு அங்கே ஒற்றை மரத்தைக் குடைந்த ஓடங்களில் வந்து சேரும். ஓடம் ஓடமாக ஒரு பெரிய கப்பலை நிரப்ப எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று யோசியுங்கள்!

இன்னொன்று: மலபாரில் மிளகுப் பறிப்பு பெரும்பாலும் டிசம்பர்–பிப்ரவரி. பறித்துக் காயவைத்து முடிப்பதற்குள் கப்பலின் கெடு போய்விடும். ஆகவே ஏற்றியதில் பெரும்பகுதி முந்தைய வருடத்து மிளகாகத்தான் இருக்க வேண்டும். அதே பாட்டில் வீட்டில் குவித்த ‘கறிமூடை’ (மிளகு மூட்டை) வருவது இதோடு நன்றாகப் பொருந்துகிறது.

நெய்தல்:
அப்படியானால் பெரெனிக்கேயில் இறக்கியதும் வேலை முடிந்ததா?

சுங்கக்காரர்:
பாதிதான். அங்கிருந்து நைல் கரையிலுள்ள கோப்டோஸுக்கு 257 ரோமன் மைல், சுமார் 380 கி.மீ. ஒட்டகத்தில் 12 நாள். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் ராத்திரி நடை, பகலில் தண்ணீர் நிலையங்களில் தங்கல். ஒட்டகத்துக்கு 150–200 கிலோ என்று வைத்தால், 100 டன் மிளகுக்கே குறைந்தது 500 ஒட்டகம் வேண்டும்.

வியன்னாவில் உள்ள 2ஆம் நூற்றாண்டு முசிறிப் பாப்பிரஸை (நாணல் தாளில் எழுதிய முசிறி வணிக ஆவணம்) பாருங்கள். ஒரு பக்கம் கடன் ஒப்பந்தம்: நம்பகமான ஒட்டகக்காரரிடம் காவலோடு ஒப்படைக்க வேண்டும், கோப்டோஸ் சுங்கக் கிடங்கில் கடன் கொடுத்தவர் முத்திரையின் கீழ் வைக்க வேண்டும், பிறகு ஆற்றுவழியே அலெக்சாந்திரியா; அங்கேயும் அதே முத்திரை. மறுபக்கம் ஹெர்மபொல்லோன் கப்பலின் சரக்குக் கணக்கு, 60 பெட்டி கங்கைச் சடாமாஞ்சியும் (வாசனை வேர்) தந்தமும் உட்பட. நாலில் ஒரு பங்கு வரி கழிந்த பிறகும் மதிப்பு 1,154 தாலந்து 2,852 திராக்மா (கிரேக்கப் பண அளவு; ஒரு தாலந்து 6,000 திராக்மா), அதாவது சுமார் 69 லட்சம் திராக்மா. இவ்வளவு பணம் முடங்கிக் கிடக்கும்போது, கடனை அடைக்கும்வரை வணிகர் தன் சரக்கைத் தானே தொட முடியாது.