கல்லும் இல்லை, மரமும் இல்லை, மழையும் இல்லை: முதல் நகரம் ஏன் சுமேரியாவில்?

பாடக்குறிப்பு:
வணக்கம். உயர்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். ‘வளமான ஆற்றங்கரையில் நாகரிகம் பிறந்தது’ என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போவதுதான் வகுப்பறை வழக்கம். இந்த முறை ஒரு மாணவி விடவில்லை. “வளம்தான் காரணம் என்றால் உலகத்தில் எத்தனையோ ஆறுகள் ஓடுகின்றனவே டீச்சர், அங்கேயெல்லாம் ஏன் தோன்றவில்லை?” என்று கேட்டாள்.

அன்று இரவு, சுமேரியா இருந்த தெற்கு ஈராக்கின் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆண்டு மழை 200 மில்லிமீட்டரைக்கூடத் தொடாத பூமி. கட்டடக் கல் கிடையாது, உத்தரத்துக்கு மரம் கிடையாது, செம்பு கிடையாது. ஆனால் கி.மு. 3200 வாக்கில் அங்கே உரூக் நகரம் சுமார் 250 ஹெக்டேரில் பரந்து கிடந்தது. ஏன் அங்கே? அதில் எது இன்றுவரை நம்மோடு வருகிறது? சிகுராத் என்ற படிக்கட்டுக் கோயில் கோபுரத்தின் படத்தைக் காட்டி முடித்துக்கொள்ள மனம் வரவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதகு:
டீச்சர், அந்தப் பெண்ணுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். பாசனத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். தண்ணீரின் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

நைல் நதி ஜூலைக்குப் பிறகு பெருகும்; அக்டோபர் வாக்கில் வடியும். வடிந்த ஈரத்தில் விதைத்தால் பயிர் எழும்பிவிடும். சுமேரியாவின் யூப்ரடீஸ் அவ்வளவு இணக்கமான ஆறு அல்ல. துருக்கி மலைகளின் பனி உருகி ஏப்ரல், மே மாதங்களில் வெள்ளம் வரும். அங்கே விதைப்பு அக்டோபர், நவம்பரில். அறுவடை ஏப்ரல், மேயில். பயிர் தண்ணீர் கேட்கும்போது ஆறு வற்றிக் கிடக்கும், கதிர் முற்றி நிற்கும்போது வெள்ளம் கரை புரளும். இரண்டையும் சமாளிக்க வேண்டும்.

வண்டல் படிந்து படிந்து ஆற்றுப் படுகையே சுற்று நிலத்தைவிட உயர்ந்துவிட்டது. கரையில் ஒரு வெட்டு வெட்டினால் தண்ணீர் தானாக வயலுக்கு இறங்கும். அதே கரை உடைந்தால் ஊர் மூழ்கும். வெட்டிய வாய்க்காலைத் தூர் வாராமல் விட்டால் வண்டல் மூடிவிடும். இது ஒரு குடும்பத்தால் ஆகிற காரியமா? ஆள் திரட்ட வேண்டும், திரட்டிய ஆளுக்குச் சோறு போட வேண்டும், தலைமடைக்கும் கடைமடைக்கும் முறை வைத்துக் கொடுக்க வேண்டும்.

தகராறும் கூடவே வந்தது. உம்மா, லகாஷ் என்ற இரு நகரங்கள் ஒரு வயல்வெளிக்காகவும் அதன் எல்லை வாய்க்காலுக்காகவும் தலைமுறை தலைமுறையாக மோதின. லகாஷ் மன்னன் எயன்னாதும் கி.மு. 2450 வாக்கில் நாட்டிய வெற்றிக் கல் இன்று பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எதிரிகளின் தலைகளைக் கழுகுகள் கொத்திக்கொண்டு பறக்கும் காட்சி அதில் உண்டு.

உப்பையும் சொல்லாமல் விடக்கூடாது. பாசன நீர் கொஞ்சம் உப்போடுதான் வரும். வடிகால் இல்லாத வயலில் நீர் ஆவியாகும், உப்பு தங்கும், நிலம் உவராகும். கோதுமையைவிட பார்லி உவரைத் தாங்கும்; தெற்கில் பார்லி முதன்மைப் பயிரானதற்கு இதுவும் ஒரு காரணம். சுமேரியா சரிந்ததே உப்பால்தான் என்று 1958ல் ஜேக்கப்சன், ஆடம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவ்வளவு தூரம் போகப் பலர் ஒப்பவில்லை. ஆனால் வடிகாலை மறந்த பாசனம் நிலத்தை என்ன செய்யும் என்று நான் கண்ணால் பார்த்தவன். அந்த வாதத்தை என்னால் எளிதில் தள்ளிவிட முடியாது.

பேரேடு:
மதகு ஐயா ‘ஆளுக்குச் சோறு போட வேண்டும்’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு விஷயம் அங்கேதான் தொடங்குகிறது. கூட்டுறவுச் சங்கங்களில் தணிக்கை செய்து பிழைத்தவன் நான். போட்ட சோற்றுக்கு யார் கணக்கு வைத்தார்கள்?

உரூக்கின் ஏனா கோயில் வளாகத்தில் ஜெர்மன் அகழாய்வாளர்கள் 1928 முதல் தோண்டியதில் களிமண் பலகைகளும் துண்டுகளுமாகச் சுமார் 5,000 கிடைத்தன. அவற்றில் பத்தில் எட்டுக்கு மேல் வரவு செலவுக் கணக்கு. பாட்டும் இல்லை, மன்னர் புகழும் இல்லை. பார்லி இவ்வளவு வந்தது, ஆடு இவ்வளவு நிற்கிறது, இன்னாருக்கு இவ்வளவு அளந்தோம், அவ்வளவுதான். மீதி பெரும்பாலும் எழுத்தர் பயிற்சிக்கான சொற்பட்டியல்கள். இலக்கியம் என்று நாம் ஒப்புக்கொள்ளும் எதையும் எழுத இன்னும் 600 ஆண்டுகள் பிடித்தன. எழுத்தைக் கண்டுபிடித்தது கவிஞனோ பூசாரியோ அல்ல, கிடங்கில் நின்ற கணக்கன்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு பலகையை அருகில் வைத்துப் பாருங்கள். உள்ளங்கையில் அடங்கும். முன்பக்கம் கட்டம் கட்டமாகக் கோடு கிழித்து, கட்டத்துக்கு ஓர் இனம். பொருளின் குறி கூர்முனையால் கீறியது. எண் மட்டும் நாணல் தண்டின் உருண்டை முனையால் அழுத்தியது. தண்டைச் சாய்த்து அழுத்தினால் நகம் பதிந்ததுபோல ஒரு குழி, அது 1. நேராக அழுத்தினால் வட்டம், அது 10. தடித்த தண்டால் பெரிய குழி, அது 60. பலகையைத் திருப்பினால் பின்பக்கம் கூட்டுத்தொகை. முதன்முதலில் இதைப் படத்தில் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கை நான் சரிபார்க்கலாம்!

இதிலும் ஒரு நுட்பம். ஆட்டை எண்ணும்போது வட்டம் 10. பார்லி அளக்கும்போது அதே வட்டம் 6 குழிக்குச் சமம். பொருளுக்குப் பொருள் எண் முறை மாறும், இப்படி ஒரு டஜன் முறைகள். எண் என்பது பொருளைவிட்டுத் தனியே பிரியாத காலம் அது.

இனி சோறு. உரூக் காலத்து ஊர்களில் சாய்ந்த விளிம்புள்ள முரட்டு மண்கிண்ணங்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. சக்கரத்தில் வனைந்தவை அல்ல, அச்சில் அழுத்திச் செய்தவை. கூலிக்குத் தானியம் அளந்த கிண்ணம் என்பது ஒரு கருத்து, ரொட்டி சுட்ட அச்சு என்பது இன்னொன்று. பலகைகளில் ‘உணவு வழங்கல்’ என்பதற்கான குறி ஒரு மனிதத் தலையும் அதன் அருகே ஒரு கிண்ணமும்.

பெயரும் கிடைக்கிறது. 29,086 அளவு பார்லி, 37 மாதம் என்று குறித்த ஒரு பலகையில் ‘குசிம்’ என்று கையொப்பம்போல இருக்கிறது. ஆளின் பெயரா, பதவியின் பெயரா என்று அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். ஆளின் பெயர்தான் என்றால், நமக்குத் தெரிந்த மனிதப் பெயர்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று மன்னனுடையதாக இல்லாமல் பார்லிக் கிடங்குப் பொறுப்பாளருடையதாக இருக்கிறது. உங்கள் மாணவிக்கு இதை அவசியம் சொல்லுங்கள்.

சதுப்பு:
இருவரும் பற்றாக்குறையையும் சிக்கலையும் மட்டுமே பேசுகிறீர்கள். அந்தப் பகுதி அப்போது சதுப்பும் நாணலும் நிறைந்தது. மீன், நீர்ப்பறவை, பேரீச்சை ஏராளம். நாணல் இருந்தால் வீடும் கட்டலாம், படகும் கட்டலாம். அங்குள்ள சதுப்புநில அரபு மக்கள் இன்றும் நாணலிலேயே விருந்து மண்டபம் எழுப்புகிறார்கள். படகு இருந்ததால் பாரம் ஏற்றிப் போவது எளிது. ஆட்டு ரோமத் துணியும் தானியமும் வெளியே போயின. ஓமானிலிருந்து செம்பு, ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷானிலிருந்து நீலக்கல், பிற்பாடு சிந்துவெளியிலிருந்து சூதுபவள மணிகள் உள்ளே வந்தன. ‘ஊர்’ என்ற பெயருடைய சுமேரிய நகரத்தின் அரச கல்லறைகளில் அந்த மணிகளே கிடைத்திருக்கின்றன.

பேரேடு ஐயாவுக்கு ஒன்று: பெரு நாட்டின் காரலில் ஏறத்தாழ அதே யுகத்தில் பெரிய மேடைக் கோயில்கள் எழுந்தன. அங்கே எழுத்தும் இல்லை, மட்பாண்டமும் இல்லை. உரூக்கின் கதையை எல்லா இடத்துக்கும் பொருத்திவிடாதீர்கள்.

விண்மீன்:
டீச்சரின் இரண்டாவது கேள்விக்கு என் பங்கு. அந்த 60 இன்னும் சாகவில்லை. 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30 எல்லாவற்றாலும் மீதியின்றி வகுபடும் எண். பங்கு பிரிப்பவனுக்கு இதைவிட வசதி இல்லை. சுமேரியருக்குப் பின் அதே மண்ணில் வாழ்ந்த பாபிலோனியரும் 60ஐ விடவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் அவர்களுடைய பழைய பலகை ஒன்றில் சதுரத்தின் மூலைவிட்டத்துக்கு 60ஐ அடியாகக் கொண்டு 1, 24, 51, 10 என்று எழுதியிருக்கிறது. தசமத்தில் 1.414213, இரண்டின் வர்க்கமூலம். கிரேக்க வானியலர்கள் இந்த முறையை எடுத்துக்கொண்டார்கள், தாலமி என்ற வானியலர் வழியாகப் பாகைக்கு 60 கலை (பாகையின் சிறு பங்கு) வந்தது, பிறகு மணிக்கு 60 நிமிடம்.

நம் வீட்டு ஜாதகக் கட்டமும் இங்கே சேரும். சூரியன் செல்லும் பாதையை 30 பாகை கொண்ட 12 பங்குகளாகப் பிரித்தவர்கள் கி.மு. 5ஆம் நூற்றாண்டுப் பாபிலோனியர்கள். கிரேக்கர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. ஆட்டுத் தலையும் மீன் உடலும் கொண்ட உருவத்தை அவர்களுடைய பழைய எல்லைக் கற்களில் பார்க்கலாம். அதுதான் மகர ராசி.

பாடக்குறிப்பு:
எல்லோருக்கும் நன்றி. ‘வளமான ஆற்றங்கரை’ என்ற வரியை இனி அப்படியே சொல்ல மாட்டேன். சதுப்பு சொன்ன காரலையும் சேர்த்துக்கொள்கிறேன். பேரேடு ஐயா, வகுப்பில் களிமண்ணை வைத்து அந்தக் கணக்கைச் செய்துபார்க்க முடியுமா?

பேரேடு:
தாராளமாக. சதுப்பு சொன்ன எல்லையை ஏற்கிறேன்; என் வாதம் உரூக்குக்கு மட்டும்தான். களிமண்ணை உள்ளங்கை அளவு தட்டிக்கொள்ளுங்கள். எண்ணுக்குப் பென்சிலின் மழுங்கிய முனை, 60க்குச் சற்றுத் தடித்த குச்சி. சிடிஎல்ஐ என்ற இணைய நூலகத்தில் உண்மையான பலகைகளின் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆளுக்கு ஒன்று அச்செடுத்துக் கொடுங்கள். முன்பக்கத்தை ஒரு பிள்ளை எழுதட்டும், பின்பக்கக் கூட்டுத்தொகையை வேறொரு பிள்ளை சரிபார்க்கட்டும். முதல் நாள் ஆட்டுக் கணக்கு மட்டும் கொடுங்கள். வட்டம் 10 என்று கை பழகிய பிறகு பார்லிக்குப் போகலாம். இரண்டையும் ஒரே நாளில் கொடுத்தால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள்.