கயல் ஸ்ரீபெரும்புதூர் போகலாமா?

*நம்ம குடும்பம், விருதுநகர்*

*வசந்தி:* கயலுக்கு லீவுல ஸ்ரீபெரும்புதூர்ல எலக்ட்ரிகல் பேனல் செய்ற கம்பெனில 6 வாரம் இன்டர்ன்ஷிப் கிடைச்சிருக்கு. அவ அப்பா மாரிமுத்து, "மார்க்குதான் நல்லா இருக்கே, எதுக்கு அவ்வளவு தூரம்"ங்கறார். செல்வி மதினி, காலேஜ்ல பிளேஸ்மென்ட் பாக்குறது நீங்கதானே, சொல்லுங்க.

*செல்வி:* மார்க்கு வேணும்தான். நிறைய கம்பெனி பத்தாவது, பன்னெண்டாவது, டிகிரி மூணுலயும் 60% கேக்கும், ஸ்டாண்டிங் அரியர் கூடாதுன்னும் சொல்லும். ஆனா அது லிஸ்ட்ல பேரு வர்றதுக்கு மட்டும். டெக்னிக்கல் ரவுண்டுல உக்காந்ததும் புராஜெக்டும் இன்டர்ன்ஷிப்பும்தான் பேச்சு.

*செல்வி:* நம்ம புள்ளைங்க நிறைய பேர் அங்கதான் மாட்டிக்குறாங்க. 8.5 சி.ஜி.பி.ஏ. இருக்கும், மோட்டார் சப்ளையை ஆன், ஆஃப் பண்ற ஒரு காண்டாக்டரைக் கழட்டிப் பார்த்திருக்க மாட்டாங்க. லேப்ல வயரிங் பசங்க பண்ணுவாங்க, இவங்க ரெக்கார்டு எழுதுவாங்க. ரெண்டு கேள்வில தெரிஞ்சிடும். படிப்புல குறை இல்ல, கையில பழக்கம் இல்ல.

*ராஜா:* அக்கா, பணம் கேட்டாங்களா? பீஸ் கட்டி சர்டிபிகேட் வாங்குற இன்டர்ன்ஷிப்னா வேண்டவே வேண்டாம். எங்களை மாதிரி எச்.ஆர். ஆளுங்க அதைப் படிக்கிறதே இல்ல.

*வசந்தி:* இல்ல தம்பி, அவங்கதான் மாசம் 5000 தர்றாங்க.

*மாரிமுத்து:* அங்க ஏதாவது ஒண்ணுன்னா யாரைக் கேக்குறது?

*ராஜா:* அத்தான், 10 பேர் வேலை பார்த்தாலே பாலியல் புகாருக்கு உள் குழு இருந்தாகணும், 2013 சட்டம். டிரெய்னியும் அதுக்குள்ள வர்றாங்க. குழுவுல யாரெல்லாம்னு ஆபீஸ்ல எல்லாரும் பாக்குற இடத்துல ஒட்டியிருக்கணும். முதல் நாளே அந்தப் பேரு, நம்பரைக் குறிச்சுக்கட்டும். புகாரை 3 மாசத்துக்குள்ள எழுத்துல குடுக்கணும், வாயால சொல்லிட்டு விட்டா நிக்காது. பெண்கள் உதவி எண் 181-ம் போன்ல இருக்கட்டும்.

*சண்முகம்:* மாரி, கிண்டி காலேஜ்ல 1940-ல லலிதான்னு ஒரு அம்மா எலக்ட்ரிகல் சேந்தாங்க. 18 வயசுல புருஷனை இழந்து, கைக்குழந்தையோட இருந்தவங்க. அவங்க அப்பா அதே காலேஜ்ல பேராசிரியர். படிப்போட பயிற்சிக்குன்னு பீகார்ல ஜமால்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ஒரு வருஷம் இருந்தாங்க. பின்னாடி கல்கத்தாவுல ஏ.இ.ஐ. கம்பெனில டிரான்ஸ்மிஷன் லைன் டிசைன், பக்ரா நங்கல் அணை வேலை எல்லாம் பார்த்தாங்க. நீ 6 வாரத்துக்கு யோசிக்கிற.

*மாரிமுத்து:* அண்ணே, வேண்டாம்னு சொல்லல. தங்குற இடம்தான் கவலை.

*செல்வி:* கம்பெனி பஸ் எந்த ஸ்டாப்ல நிக்குதுன்னு முதல்ல கேளு. அதுக்கு நடக்குற தூரத்துல லேடீஸ் ஹாஸ்டல் எடு. 500 ரூபாய் குறையுதுன்னு தள்ளி எடுத்தா தினம் காலையில இருட்டுல ஆட்டோ தேடணும்.

*கயல்:* அத்தை, சும்மா நிக்க வச்சிருவாங்கன்னு சீனியர் அக்கா சொல்றாங்க.

*சண்முகம்:* முதல்ல நிக்கத்தான் வைப்பாங்க. நீ டிராயிங் கேளு. சிங்கிள் லைன் டயகிராமையும் கன்ட்ரோல் வயரிங்கையும் பேனல் பக்கத்துல வச்சுக்கிட்டு, வயர் நுனியில மாட்டியிருக்குற ஃபெரூல் நம்பரைப் பார்த்து ஒவ்வொரு வயரா தேடிப் போ. ஒரு வாரம் இதைப் பண்ணினா டெஸ்டிங் ஆளுங்களே கூப்பிடுவாங்க. மெகர் போட்டு இன்சுலேஷன் டெஸ்ட் பண்ணும்போது கூட நில்லு. அதுக்கு முன்னாடி எலக்ட்ரானிக் மீட்டரையும் ரிலேயையும் ஏன் பிரிச்சு விடுறாங்கன்னு கேளு. விடாம போட்டா டெஸ்ட் வோல்டேஜ்ல அது போயிரும்.

*சண்முகம்:* சப்ளை இருக்குற பேனல்ல கை வைக்கக் கூடாது. துப்பட்டா, வளையல், செயின் எதுவும் வேண்டாம். காட்டன் டிரெஸ், சேஃப்டி ஷூ.

*செல்வி:* தினமும் அரைப் பக்கம் எழுது. பல இடத்துல போட்டோ எடுக்க விடமாட்டாங்க, கையால ஸ்கெட்ச் போடு. ரெஸ்யூமேல "6 வாரம் இன்டர்ன்ஷிப்"னு மட்டும் போட்டா யாரும் ரெண்டாவது தடவை பாக்க மாட்டாங்க. "ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் பேனல், வயரிங் செக், இன்சுலேஷன் டெஸ்ட்"னு செஞ்சதை எழுது. கிளம்பும்போது உன் கைடோட மெயில் ஐ.டி. வாங்கிக்கோ. ஃபைனல் இயர் புராஜெக்டுக்கு அவர்தான் உதவுவார், வேலை காலி இருந்தாலும் அவர்தான் முதல்ல சொல்லுவார்.

*செல்வி:* எம்.டெக்.குக்கு எழுதுற கேட் பரீட்சையை மூணாம் வருஷத்துலயே எழுதலாம், பொண்ணுங்களுக்குப் பாதிக் கட்டணம். அது தனியா பேசுவோம்.

*வசந்தி:* மதினி, சின்னவ யாழினி பாலிடெக்னிக் சேர்றா. புதுமைப் பெண் 1000 ரூபாய் வருமா?

*செல்வி:* வராது. ஆறாவதுலேர்ந்து பள்ளிப் படிப்பு முடிக்குற வரைக்கும் அரசுப் பள்ளியிலயோ, அரசு உதவி பெறும் பள்ளில தமிழ் மீடியமோ படிச்சிருக்கணும். இவ மெட்ரிக். டெக்னிக்கல் படிக்கிற பொண்ணுங்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ.ங்கற மத்திய தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் குடுக்குற பிரகதி உதவித்தொகைக்குப் போடுங்க: வருஷம் 50,000, வீட்டு வருமானம் 8 லட்சத்துக்குள்ள, அவங்க அங்கீகாரம் உள்ள காலேஜ். முதல் வருஷத்துலயே போடணும், தவறவிட்டா அடுத்த வருஷம் புதுசா போட முடியாது. மார்க் வரிசைலதான் எடுப்பாங்க.

*ராஜா:* யாழினி பேர்லயே பேங்க் கணக்கு வேணும். ஆதார் குடுத்தாச்சுன்னு விட்டுடாதீங்க, என்.பி.சி.ஐ. மேப்பிங், அதாவது ஆதாருக்கு வர்ற பணம் எந்தக் கணக்குக்குப் போகணும்ங்கற இணைப்பு, அந்தக் கணக்குக்கு இருக்கான்னு பேங்க்ல கேளுங்க. பழைய கணக்குல மேப் ஆகியிருந்தா பணம் அங்க போயிடும்.

*மாரிமுத்து:* கயல் ஆஃபர் லெட்டர் போட்டிருக்கேன், பாருங்க.

*ராஜா:* தேதி இருக்கு, ஜெனரல் ஷிப்ட்னும் இருக்கு. டிபார்ட்மென்ட் மட்டும் போடல. இப்படி விட்டா ஸ்டோர்ஸ்ல கணக்கெழுத உக்கார வச்சிருவாங்க. கயல், டெஸ்டிங் இல்லேன்னா அசெம்பிளின்னு எழுதிக் குடுக்கச் சொல்லி மெயில் போடு. காலேஜ் ஐ.டி.லேர்ந்து அனுப்பு, உங்க எச்.ஓ.டி.யையும் சி.சி.ல வை.

*கயல்:* இப்பவே போடுறேன் மாமா.