தேநீர்த் தட்டு, தியான மெத்தை, இரவுக் கணக்கு: தாவோ வழிக்கு எது வேண்டும், எது ஒட்டு?

தொடுவானம்:
சீனாவின் பழைய ஆன்மிக நெறியான தாவோ வழியைத் தினசரி வாழ்க்கையில் கடைப்பிடிக்க ஒரு திட்டம் பல இடங்களில் சுற்றுகிறது. காலையில் 20 நிமிடம் கண்மூடி உட்கார்வது, பிறகு சீனப் பாணியில் சிறு கிண்ணத்தில் தேநீர் வடித்து மௌனமாகக் குடிப்பது, இரவில் அன்று செய்த நல்லது கெட்டதைக் குறிப்பேட்டில் எழுதுவது. மூன்றுமே பழைய மரபு என்கிறார்கள். அப்படித்தானா? ஒன்றை விட்டாக வேண்டும் என்றால் எதை விடுவீர்கள்? பொத்தாம்பொதுவாக வேண்டாம், அளவு, முறை, எங்கே தவறும் என்பதோடு சொல்லுங்கள்.

கொதிகெண்டி:
தேநீரை மட்டும் விட்டுடாதீங்க. மற்ற ரெண்டுலயும் மனசு நம்மை ஏமாத்தலாம். கொதிநீர் ஏமாத்தாது, கவனம் பிசகினா விரல் சுடும், அல்லது வாய் கசக்கும்.

பெரிய செட் எதுவும் தேவையில்லை. 100 மி.லி. கொள்ளும் பீங்கான் மூடிக் கிண்ணம் ஒண்ணு, ஊத்தி வைக்க ஒரு சின்ன ஜாடி, ரெண்டு குவளை. உருட்டின ஊலாங் இலைன்னா (பச்சைக்கும் கறுப்புக்கும் இடைப்பட்ட சீனத் தேயிலை) 5 முதல் 6 கிராம். சீனாவோட ஃபூஜியன் மாகாணத்து வூயி மலைப் பாறைத் தேயிலை மாதிரி நீள இலைன்னா 7, 8 கிராம் வரை போகலாம். தண்ணி நல்லா கொதிச்சதா இருக்கணும், 95 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. முதல்ல ஒரு தடவை ஊத்தி உடனே கொட்டிடுங்க. இலை நனைஞ்சு விரியத் தொடங்கும். பிறகு முதல் வடிப்பு 20 விநாடி, ரெண்டாவது 15, மூணாவது 20, அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் பத்துப் பத்து விநாடி கூட்டிக்கிட்டே போங்க. ஆறு ஏழு வடிப்பு தாராளமா வரும்.

கசப்பு வர்றதுக்கு நேரம் மட்டும் காரணம் இல்லை, அடியில தங்குற தண்ணியும்தான். கடைசிச் சொட்டு வரை வடிக்கலைன்னா அடுத்த வடிப்பு வரைக்கும் இலை அதுலயே ஊறிக்கிட்டிருக்கும். பச்சைத் தேயிலைக்கு இந்தக் கணக்கு ஆகாது: 150 மி.லி.க்கு 3 கிராம், 80 டிகிரி.

தண்ணியையும் பாருங்க. ஆர்.ஓ. தண்ணியில உப்பே இல்லாம தேநீர் சப்புன்னு இருக்கும். போர்வெல் தண்ணியில மேல ஆடை படிஞ்சு மணம் செத்துடும். ரெண்டையும் கலந்து பாருங்க.

வெறுந்தரை:
சமையல் குறிப்பு அருமை. ஆனால் கேள்வி, இது தாவோ மரபா என்பது.

தேநீரைப் பற்றி முதல் முழு நூல் எழுதிய லூ யூ 8ஆம் நூற்றாண்டுக்காரர். வளர்ந்தது பௌத்த மடத்தில். அவர் காலத்துத் தேநீர், அடையாக அமுக்கிய இலையைச் சுட்டுப் பொடித்து, உப்புப் போட்டுக் கொதிக்க வைத்த சாறு. 1391இல் மிங் வம்சத்தின் முதல் பேரரசர் அடைத் தேயிலைக் காணிக்கையை நிறுத்திய பிறகுதான் இலையை அப்படியே ஊறவைக்கும் பழக்கம் மேலோங்கியது. நீங்கள் விநாடிக் கணக்கோடு சொல்லும் முறை தென்சீனக் கரையோரத்துச் சாவோசோவிலும் தெற்கு ஃபூஜியனிலும் வளர்ந்தது. அங்கே அது வணிகர் கடையிலும் வீட்டுத் திண்ணையிலும் நடக்கிற உபசாரம். மடத்துப் பயிற்சி அல்ல. அந்த ஜாடிகூடச் சாவோசோவின் பழைய முறையில் கிடையாது: மூன்று குவளைகளை நெருக்கி வைத்து, கெண்டியைச் சுற்றிச் சுற்றி நேராகவே ஊற்றுவார்கள். ஜாடியும் மணம் முகரும் உயரக் குவளையும் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தைவானில் கூடிய சேர்க்கைகள்.

ஆக, 'தாவோ தேநீர்ச் சடங்கு' என்று விற்கப்படுவது கடைக்காரரின் மரபு. தாவோ நெறியின் மூல நூலான தாவோ தே ஜிங்கின் 67ஆம் அத்தியாயம் மூன்று செல்வங்களைச் சொல்கிறது: பரிவு, சிக்கனம், உலகத்துக்கு முன்னால் போய் நிற்கத் துணியாமை. இரண்டாவதை எடுத்துத் தேயிலைச் சந்தையில் வைத்துப் பாருங்கள். வூயி மலையின் புகழ்பெற்ற பாறைத் தேயிலையான தா ஹோங் பாவின் தாய்ச்செடிகள் ஆறே ஆறு. 2006 முதல் அவற்றில் பறிப்பே கிடையாது. அந்தப் பெயரில் விற்பனை மட்டும் நின்றபாடில்லை.

கொதிகெண்டி:
வரலாறு சரிதான், முடிவு தப்பு. தாவோ பூசைப் பீடத்துல வைக்கிற பத்துப் படையல்ல தேநீரும் ஒண்ணு: தூபம், பூ, விளக்கு, நீர், கனி, தேநீர், உணவுன்னு போகும். வூயி மலையிலயே 13ஆம் நூற்றாண்டுல பாய் யூசான் இருந்தார், உடம்புக்குள்ள மூச்சையும் மனசையும் பக்குவப்படுத்துற தாவோ உள்ரசவாதத்தின் தென்மரபுக்காரர். நீங்க சொன்ன அதே பேரரசரோட மகன் சூ சுவான் தாவோ நெறியில ஊறினவர், தேநீர் நூலும் எழுதினார். உறவே இல்லைன்னு எப்படிச் சொல்றீங்க?

செலவு பற்றிச் சொன்னீங்களே, லூ யூ 24 கருவிகளை அடுக்கிட்டு, மலையில பாறை மேல உக்காந்து காய்ச்சறப்ப பலதை விட்டுடலாம்னு தனி அத்தியாயமே வச்சிருக்கார்.

வெறுந்தரை:
அதே அத்தியாயத்தின் கடைசி வரிகளையும் சொல்லிவிடுங்கள்: நகரத்தில், பிரபுக்கள் வாசலில், 24இல் ஒன்று குறைந்தாலும் தேநீர் பாழ் என்கிறார். நாம் எல்லாரும் மலையிலா இருக்கிறோம்?

படையலில் இருப்பதால் பயிற்சி ஆகிவிடாது. விளக்கும் படையலில்தான் இருக்கிறது; விளக்குத் திரி திரிப்பதை யாரும் தியானம் என்று விற்பதில்லை.

கொதிகெண்டி:
சுவாங்சிங்கிற பழைய தாவோ நூல்ல வர்ற சமையல்காரர் மாட்டை அறுக்கிறதே வழியாச்சே? 19 வருஷம் ஒரே கத்தி, முனை மழுங்கலை. கை வேலையில கவனம் பழகறதுக்கு அதைவிடப் பெரிய அத்தாட்சி என்ன வேணும்?

வெறுந்தரை:
அவருக்கு அது வேலை ஐயா. பிழைப்புக்குச் செய்ததைச் செம்மையாகச் செய்தார். ஓய்வு நேரத்துக்கு வாங்கிய பொழுதுபோக்கு அல்ல. அந்தக் கதையைப் பின்பற்ற வேண்டுமென்றால் உங்கள் வீட்டுப் பாத்திரத்தைத் துலக்குங்கள்.

முதுகுத்தண்டு:
நீங்க இரண்டு பேரும் கிண்ணத்தை வைத்துக்கொண்டு சண்டை போடுங்கள். கேட்டவர் திட்டத்தில் பெரிய ஓட்டை உட்கார்வதில் இருக்கிறது. 'கண்மூடி 20 நிமிடம்' என்பதைச் சுவான்ஜென் என்ற தாவோ துறவிப் பிரிவை நிறுவிய வாங் சோங்யாங் (1113–1170) நேரடியாகவே மறுத்திருக்கிறார். அவர் பெயரில் உள்ள 15 விதிகளில் ஒன்று: உடம்பை நிமிர்த்தி, கண்ணை மூடி இருப்பது பொய்யான அமர்வு, நாள் முழுக்க, நடக்கும்போதும் நிற்கும்போதும் படுக்கும்போதும் மனம் தாய்ஷான் மலைபோல் அசையாமல் இருப்பதே மெய்யான அமர்வு.

ஆகவே காலை அமர்வு பழகுவதற்கான களம், அவ்வளவே. அதைச் செய்யும் முறை:

மெத்தை சுமார் 10 செ.மீ. உயரம், இடுப்பு முழங்காலைவிட மேலே இருக்க வேண்டும். முழங்கால் தரையைத் தொடவில்லை என்றால் உயரம் போதவில்லை, மடித்த போர்வை ஒன்றை மேலே வையுங்கள். மூட்டு வலி உள்ளவர்கள் நாற்காலியில் சாயாமல், பாதம் தரையில் பதிய உட்காரலாம். பயனில் ஒரு குறையும் இல்லை. கண் முழுக்க மூடாது, இமை தாழ்ந்து மூக்கு நுனி அளவுக்கு வெளிச்சம் தெரியும். முழுக்க மூடினால் தூக்கம் அல்லது படம் ஓடும். நாக்கு நுனி மேல்பல் வரிசைக்குப் பின்னே. கைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடிவயிற்றின் முன்னே. தொடக்கத்தில் 15 நிமிடம் போதும். பிறகு ஒரு ஊதுபத்தி எரியும் நேரம் வரை நீட்டலாம்.

தவறுகிற இடங்கள்:

கால் மரத்துப்போனால் நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம், ஆன்மிக முன்னேற்றம் இல்லை. காலை மாற்றுங்கள். மார்பு இறுகினால் மூச்சைப் பிடித்து இழுக்கிறீர்கள். மூச்சு தானாக நீளட்டும், நீங்கள் நீட்டாதீர்கள். நெற்றியில் பாரம் வருவது புருவ நடுவில் கவனத்தைக் குத்தி வைப்பதால். அதைத் தொப்புளுக்குக் கீழே இறக்குங்கள். படபடப்போ பயமோ தொடர்ந்து வந்தால் உட்கார்வதை நிறுத்திவிட்டு நடங்கள், தேவைப்பட்டால் மருத்துவரைப் பாருங்கள். முடித்ததும் சட்டென்று எழக் கூடாது: உள்ளங்கையைத் தேய்த்து முகத்தில் வைத்து, காலை நீட்டி, பிறகு எழ வேண்டும்.

மனத்தை என்ன செய்வது என்பதற்குத் தாங் காலத்துச் சீமா செங்ஜென் (647–735) 'எல்லாம் மறந்து அமர்தல்' பற்றி எழுதியதில் ஏழு படிகள் உண்டு: நம்பி மதித்தல், தொடர்புகளை அறுத்தல், மனத்தைச் சேர்த்தல், காரியங்களைச் சுருக்குதல், உண்மையாகப் பார்த்தல், பெரும் நிலைப்பு, தாவோவை எய்தல். மூன்றாவது படியில் இரண்டு எச்சரிக்கை வைக்கிறார். வெறுமையையே பிடித்துத் தொங்கினால் அதுவும் ஒரு பிடிப்பு. மனத்தைப் போனபடி போகவிட்டால் பயிற்சியே செய்யாதவருக்கும் உமக்கும் வித்தியாசம் இல்லை. 'இயல்பாக இரு, அதுதான் தாவோ' என்கிறவர்களுக்கு இந்த இரண்டாவது.

கொதிகெண்டி:
ஏழு படியில 'சேர்த்தல்' இருக்கே, தேநீர் அதுக்குத்தானே உதவுது?

முதுகுத்தண்டு:
நாலாவது படியையும் படியுங்கள். எளிய உணவும் கிழிந்த துணியும் உயிரைக் காக்கப் போதும், இறைச்சியும் மதுவும் பட்டும் இருந்தால்தான் வாழ முடியுமா என்று கேட்கிறார். தேநீர் கூடாது என்று சொல்லவில்லை. சேர்க்கிற ஒவ்வொன்றையும் இந்தக் கேள்வியால் தட்டிப் பாருங்கள் என்கிறேன்.

நடைமுறை விஷயம் ஒன்று: தேநீரை உட்காருவதற்கு முன்னால் குடிக்காதீர்கள். 5 கிராம் இலையை ஏழு முறை வடித்தால் சேர்கிற கஃபீன் ஒரு குவளை காபியை எட்டிவிடும். மனம் துள்ளும், பாதியில் சிறுநீர் முட்டும். வெறும் வயிற்றில் புரட்டும். அமர்ந்து முடித்து, ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டு, பிறகு குடியுங்கள். இரும்புச் சத்துக் குறைவு உள்ளவர்கள் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிப்பது நல்லது; தேநீர் உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்பதைக் குறைக்கும்.

சித்தர்தாசன்:
தாவோவே நம்ம போகர் சீனாவுக்குக் கொண்டு போனதுதானே? யாரும் இதைச் சொல்லவில்லையே.

வெறுந்தரை:
போகர் பற்றிய மரபுக் கதைக்குத் தனி இழை தொடங்குங்கள் தம்பி. இங்கே காலக்கணக்கே ஒத்துவராது.

பகல்கணக்கு:
இரவுக் குறிப்பேட்டை யாரும் தொடவில்லை. மூன்றில் உறுதியான ஆண்டோடு மரபில் நிற்பது அதுதான். 1171இல் நான்சாங் பக்கத்து மேற்கு மலையிலிருந்த ஒரு தாவோ துறவி எழுதிவைத்த புண்ணிய-பாவக் கணக்கேடு கிடைக்கிறது. புண்ணியம் 36 வகை, பாவம் 39 வகை. முறை இதுதான்: படுக்கைத் தலைமாட்டில் தூரிகை, மைக்கல், ஏடு. முதலில் மாதம், பிறகு தேதி, தேதிக்குக் கீழே இரண்டு வரிசை. தூங்கப்போகும் முன் அன்றைய கணக்கு. மாதக் கடைசியில் சிறு கூட்டல், ஆண்டுக் கடைசியில் பெருங்கூட்டல்.

மதிப்பெண்ணும் சும்மா இல்லை. மருந்து கொடுத்துக் கடும் நோயாளியைக் காப்பாற்றினால் 10, சிறு நோய்க்கு 5. நோயாளி வீட்டாரிடம் பணம் வாங்கினால் ஒன்றும் கிடையாது. தேநீர்த் தட்டைவிட இது மனிதரை மாற்றும்.

வெறுந்தரை:
கணக்குப் புத்தகம் என்றால் வட்டிக்கடை ஞாபகம்தான் வருகிறது. தாவோ தே ஜிங் 38ஆம் அத்தியாயம் என்ன சொல்கிறது? உயர்ந்த அறம் தன்னை அறமாக நினைப்பதில்லை, அதனால்தான் அது அறம். 10 போட்டுக்கொண்டு படுப்பவன் அடுத்த நாள் நோயாளியைத் தேடி அலைவான்.

பகல்கணக்கு:
பணம் வாங்கினால் மதிப்பெண் இல்லை என்ற விதியே அந்த அலைச்சலுக்குப் போட்ட கடிவாளம். 38ஆம் அத்தியாயம் உயர்ந்தவருக்கு. மீதிப் பேருக்கு என்ன வழி? 64ஆம் அத்தியாயம் ஆயிரம் லீ (சீனத் தொலைவு அளவு) பயணம் காலடியில் தொடங்கும் என்கிறதே.

வெறுந்தரை:
மீதிப் பேருக்கு விலக்குகள் உண்டு. ஜெங்யி என்ற இன்னொரு தாவோ பிரிவில் பூசாரிகள் திருமணம் செய்வார்கள், நோன்பு நாள் தவிர இறைச்சியும் உண்பார்கள். ஆனால் நான்கு மட்டும் தொடுவதில்லை: வாழ்நாள் முழுக்க உழைக்கும் மாடு, விசுவாசமுள்ள நாய், ஒரே துணையோடு வாழும் காட்டு வாத்து, குஞ்சுகள் தாய்க்குத் தம்மையே இரையாகத் தரும் என்று சொல்லப்படும் விரால் மீன். கதை மீன்வளத் துறைக்கு ஒத்துவராமல் போகலாம். ஆனால் தட்டில் அது வரும்போதெல்லாம் உழைப்பு, விசுவாசம், துணை, தாய் என்று ஒன்று ஞாபகம் வரும். கூட்டல் கழித்தல் இல்லை. சுவான்ஜென் மடங்களில் முழுச் சைவம், பூண்டு வெங்காயமும் கிடையாது. அதுவும் கணக்கில்லாத ஒழுங்குதான்.

பகல்கணக்கு:
விலக்கு எதைச் செய்யக் கூடாது என்று மட்டும் சொல்லும். மாட்டிறைச்சி தொடாமல் ஆயுள் முழுக்க வேலைக்காரரை ஏமாற்றிக்கொண்டே இருக்கலாம். கணக்கேடு அன்று பேசிய பொய்யைப் பெயர் சொல்லிக் கேட்கும். மதிப்பெண் உறுத்துகிறதா, எண்ணை விட்டுவிட்டு இரண்டு வரிசையை மட்டும் வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று வரிக்கு மேல் எழுதாதீர்கள். நீண்டால் நாட்குறிப்பு ஆகிவிடும், தன்னைத் தானே மெச்சிக்கொள்ள இடம் கொடுக்கும். நல்லதை எழுதும் வரிசையில் 'நான் பொறுமையாக இருந்தேன்' என்பது செல்லாது. 'கடைக்காரர் அதிகமாகத் தந்த சில்லறையைத் திருப்பினேன்' செல்லும்.

வெறுந்தரை:
எண் இல்லாத ஏட்டை ஒத்துக்கொள்ளலாம். ஆனால் அது 1171ஆம் ஆண்டு ஏடு அல்ல, உங்கள் ஏடு. இது மரபா என்று தேநீர்க்காரரைக் கேட்ட அதே கேள்வி உங்களுக்கும்.

தொடுவானம்:
அப்படியானால் காலை அமர்வு 15 நிமிடம், இமை தாழ்த்தி. சிற்றுண்டிக்குப் பிறகு தேநீர். இரவு மூன்று வரி என்று எடுத்துக்கொள்கிறேன். வெறுந்தரை ஐயா தேநீரை நீக்கச் சொல்வார், தெரியும். மூடிக் கிண்ணத்தில் விரல் சுடுகிறதே, அதற்கு மட்டும் யாராவது வழி சொல்லுங்கள்.

கொதிகெண்டி:
தண்ணியை விளிம்பு வரைக்கும் ஊத்தாதீங்க, விளிம்பு வெளியே விரியற இடத்துக்குக் கீழயே நிறுத்துங்க. கட்டைவிரலும் நடுவிரலும் விளிம்போட ஓரத்துல மட்டும் படணும், ஆள்காட்டி விரல் மூடிக் குமிழ் மேல. மூடியை லேசா சாய்ச்சு இலை வராத அளவுக்கு ஒரு சின்ன இடைவெளி விடுங்க. பயந்து பயந்து மெதுவா சாய்ச்சா ஆவி விரல்ல அடிக்கும். ஒரே வீச்சுல செங்குத்தா கவிழ்த்துடுங்க. வாங்கறப்பவே விளிம்பு அகலமா விரிஞ்ச, மெல்லிய பீங்கானா பாருங்க. தடிச்சதுல சூடு ரொம்ப நேரம் நிக்கும்.

வெறுந்தரை:
அல்லது வீட்டிலிருக்கும் எவர்சில்வர் டம்ளரில் நாலைந்து இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றிக் குடியுங்கள். சீனாவில் அலுவலகம், ரயில் எங்கும் மூடி போட்ட பாட்டிலில் இப்படித்தான் குடிக்கிறார்கள். டம்ளர் என்றால் சூடு பற்றும், கீழே டபராவை வைத்துக்கொள்ளுங்கள்.