ஆச்சிக்கு பழைய வார்த்தையுள்ள வேதப்புஸ்தகம் எங்க கெடைக்கும்?

பாளை பேரன்: எங்க ஆச்சிக்கு பெரிய எழுத்து வேதம் ஒன்னு வாங்கிக் குடுத்தேன், அவங்க 23ம் சங்கீதத்த தொறந்து "தாழ்ச்சியடையேன்"ங்கிறத தேடுதாங்க, அதுல "குறையில்லை"ன்னு இருக்கு, இது நம்ம வேதம் இல்லலேன்னு மூடி வச்சிட்டாங்க. பழைய வார்த்தையோட புது அச்சு வருதா?

மெஞ்ஞானபுரம் அண்ணாச்சி: தம்பி, நீங்க வாங்கினது 1995ல வந்த திருவிவிலியம். நல்ல மொழிபெயர்ப்புதான், ஆனா ஆச்சி கேக்கது 1871ல ஹென்றி பவர்ங்கிற பாதிரி ஐயரோட குழு திருத்தின வேதம். வேதாகம சங்கம் இன்னும் அச்சடிக்காங்க, ஓ.வி.ன்னு, அதாவது ஓல்டு வெர்ஷன், பழைய மொழிபெயர்ப்புன்னு கேளுங்க, உள்ள ஆண்டவர்னு இல்லாம கர்த்தர்னு இருக்கான்னு பாத்துக்கிடுங்க.

நாசரேத் அக்கா: 1978க்கு முந்தின அச்சுல லை, னை எல்லாம் கொம்பு போட்ட எழுத்தா இருக்கும். எழுத்த மாத்தினது சரி, வார்த்தைய தொடப்பிடாது, மனப்பாடமா சொல்லியே வளந்தவங்க நாம.

சுரண்டை தம்பி: சண்டே ஸ்கூல்ல புள்ளைகளுக்கு "தாழ்ச்சி" புரியலக்கா. பாளையில மிஷனெரியா இருந்த ரேனியஸ் ஐயரும் சனங்களுக்கு புரியணும்னுதான தமிழ் வேதத்த திருத்துனாரு?

நாசரேத் அக்கா: புரியலன்னா ஓரத்துல அர்த்தம் போடுங்க தம்பி, வசனம் அப்படியே இருக்கட்டும்.

பாளை பேரன்: ஓ.வி. வாங்கிட்டேன் அண்ணாச்சி. ஆச்சி இப்ப சத்தமா வாசிக்காங்க.