ஸ்பூனை இருபது தடவை கீழே போடும் 9 மாதக் குழந்தை: தடுக்கணுமா, விடணுமா?

பால்பல்:
வணக்கம். குழந்தைக்கு 9 மாதம். உயர நாற்காலியில் உட்கார வைத்தால் ஸ்பூனைக் கீழே போடுவதும், எடுத்துக் கொடுத்தால் மறுபடி போடுவதும்தான் வேலை. படப் புத்தகத்தில் ஒரே பக்கம். துணியால் முகத்தை மூடித் திறக்கும் விளையாட்டை நிறுத்தவே விடுவதில்லை. புதுப் பொம்மைக்கு 2 நிமிஷம்தான் ஆயுள். இப்படி ஒன்றையே செய்தால் கற்பது குறையுமா? விளையாட்டை எப்போது மாற்றலாம்? குளியல், தூக்கமெல்லாம் கடிகாரம் பார்த்துத்தான் நடக்கணுமா?

மணல்வீடு:
ஸ்பூனிலிருந்து ஆரம்பிக்கிறேன். பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் விரல் வைத்தால் தானாக மூடிக்கொள்ளும், அது அனிச்சை. பிடித்ததை நினைத்தபோது விடுவது அதைவிடக் கஷ்டம், ஏறக்குறைய 9, 10 மாதத்தில்தான் கைகூடும். உங்கள் குழந்தை புதிதாகக் கிடைத்த அந்த வித்தையைப் பழகுகிறது.

முகத்தைக் கவனித்துப் பாருங்கள். முதல் சில தடவை பார்வை கையில் இருக்கும். பிறகு ஸ்பூன் விழும் முன்பே கண் தரைக்குப் போய்விடும். அப்புறம் உங்கள் முகத்துக்கு வரும். கை எப்படித் திறக்கிறது, பொருள் எங்கே போகிறது, இவர் என்ன செய்வார் என்று கேள்வி மாறிக்கொண்டே போகிறது. நமக்குத்தான் எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது. 4 முதல் 8 மாதம் வரை குழந்தை பிடித்த விளைவைத் திரும்ப வரவழைக்கும் என்றும், 12 மாதத்துக்கு மேல் வேண்டுமென்றே மாற்றி மாற்றிப் பார்க்கும் என்றும் குழந்தை உளவியலாளர் ழான் பியாஜே பிரித்தார். நீங்கள் அந்த இடைவெளியில் இருக்கிறீர்கள்.

மரக்கரண்டி, துணிப்பந்து, பிளாஸ்டிக் கிண்ணம் என மூன்றைக் கொடுங்கள். விழும் இடத்தில் ஒரு தட்டை வையுங்கள். ஒன்று 'டங்' என்னும், ஒன்று சத்தமே போடாது. எடுத்துத் தரும் முன் ஐந்து எண்ணுங்கள். அந்த இடைவெளியில்தான் குழந்தை எட்டிப் பார்க்கும், குரல் கொடுக்கும். குனிந்து அலுத்துப்போய் ஸ்பூனை நாற்காலியில் கயிறு போட்டுக் கட்டிவிடாதீர்கள், கழுத்தில் சுற்றும் ஆபத்து உண்டு.

சாப்பாட்டின் கடைசியில் மட்டும் போடுகிறதா? பெரும்பாலும் 'போதும்' என்றுதான் அர்த்தம். திட்டாமல், சிரிக்காமல் தட்டை எடுத்துவிடுங்கள். பெரிதாக முகம் காட்டினால் அடுத்த வேளை உங்கள் முகத்தைப் பார்க்கவே போடும்.

அசையும்நிழல்:
எப்போது மாற்றுவது என்பதற்கு ஒரு நல்ல துப்பு இருக்கிறது. குழந்தைகளின் நினைவாற்றலை ஆராய்ந்த உளவியலாளர் கரோலின் ரோவி-காலியர் தன் ஆய்வில் தொட்டிலுக்கு மேல் தொங்கும் பொம்மையைக் குழந்தையின் கணுக்காலோடு ரிப்பனால் இணைத்தார். உதைத்தால் பொம்மை ஆடும். (ஆய்வாளர் பக்கத்தில் இருந்து செய்த சோதனை அது, வீட்டில் வேண்டாம்.) கற்றுக்கொண்டதை 2 மாதக் குழந்தை ஓரிரு நாளும், 3 மாதக் குழந்தை ஏறக்குறைய ஒரு வாரமும், 6 மாதக் குழந்தை இரண்டு வாரமும் நினைவு வைத்திருந்தது. மறந்த பிறகும், பொம்மை ஆடுவதைக் கொஞ்சநேரம் காட்டினாலே நினைவு திரும்பியது. ஆனால் மறுநாளே வேறு பொம்மையைத் தொங்கவிட்டால் சின்னக் குழந்தைகள் உதைக்கவில்லை. அந்த வயதில் பாடம் அந்தப் பொம்மையோடு ஒட்டியே இருக்கிறது. தினம் ஒரு புதுசு என்று கொடுத்தால் எதுவும் ஊன்ற நேரம் கிடைக்காமல் போகலாம்.

அதனால் நாலைந்து சாமானை மட்டும் வெளியே வையுங்கள், மீதி அலமாரியில். ஒரு வாரம், பத்து நாளுக்கு ஒருமுறை இரண்டை மட்டும் மாற்றுங்கள், எல்லாவற்றையும் அல்ல.

துணி விளையாட்டுக்கும் இதே கதைதான். நாலு தடவை அதே இடம், அதே வேகம், அதே குரல். ஐந்தாவதில் இரண்டு நொடி தாமதியுங்கள், அல்லது துணியின் ஓரமாக எட்டிப் பாருங்கள். எதிர்பார்ப்பு ஊறிய பிறகு உடைத்தால்தான் சிரிப்பு வரும். முதல் தடவையே புதுமை காட்டினால் விழிக்கும், அவ்வளவுதான்.

அலுப்பையும் களைப்பையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அலுத்த குழந்தை வேறொன்றுக்குக் கை நீட்டும். களைத்த குழந்தை முகத்தைத் திருப்பும், கண்ணைக் கசக்கும், முதுகை வளைக்கும். களைத்த குழந்தைக்குப் புதுப் பொம்மையை நீட்டினால் அழுகைதான்.

பால்பல்:
நன்றி. தூக்க விஷயம்?

அரைவிளக்கு:
கடிகாரத்தைவிட வரிசை முக்கியம். 9 மாதக் குழந்தைக்கு எட்டு மணி தெரியாது, குளியலுக்கு அடுத்து என்ன என்று தெரியும். அதற்காக நேரத்தை ஒரேயடியாகக் கைவிடாதீர்கள். ஒரு நாள் ஏழு, மறுநாள் பத்து என்றால் உடல் கடிகாரம் குழம்பும். அரைமணி முன்பின் பரவாயில்லை.

தூக்க ஆய்வாளர் ஜோடி மிண்டெல் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் மூன்றே படிகள்: குளியல், உடலை நீவிவிடுதல், பிறகு அணைப்பு, தாலாட்டு மாதிரி அமைதியான ஏதாவது. குளியல் முடிந்து 30 நிமிஷத்துக்குள் விளக்கணைப்பு. இரண்டு வாரத்தில் குழந்தைகள் சீக்கிரம் தூங்கினார்கள், இரவில் எழுவதும் குறைந்தது. எனவே மூன்றே நாளில் 'பலிக்கவில்லை' என்று விட்டுவிடாதீர்கள்.

சொதப்புவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். படிகள் ஏழெட்டாக நீண்டுவிடும், பாதியிலேயே குழந்தை களைத்துவிடும். அல்லது கண்ணைக் கசக்கத் தொடங்கிய பிறகு குளியலை ஆரம்பிப்பார்கள். அதற்கு அரைமணி முன்பே ஆரம்பிக்க வேண்டும். தூக்கப் பாட்டைப் பகலில் விளையாட்டுக்குப் பாடாமல் வைத்துக்கொள்ளுங்கள். 4 முதல் 11 மாதத்துக்குப் பகல் தூக்கமும் சேர்த்து நாளுக்கு 12 முதல் 16 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வெளியிடத்தில் தங்கினால் குளியல் இல்லாவிட்டாலும் ஈரத்துணியால் துடைத்து, அதே வரிசை, அதே பாட்டு.

மணல்வீடு:
ஒன்று விட்டுவிட்டேன். திரும்பத் திரும்பச் செய்வது மட்டும் கவலைக்குரியதல்ல. பெயர் சொன்னால் திரும்புவதில்லை, முகம் பார்ப்பதில்லை, 'பா பா', 'மா மா' மாதிரி சத்தம் இல்லை என்றால் அடுத்த தடுப்பூசி வரை காத்திராமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததை விட்டுவிட்டால் எந்த வயதானாலும் உடனே போக வேண்டும்.